பத்து நிமிடப் பேச்சு: வாயைத் திறப்பதும் மூடுவதும்தான் வரவில்லை

ஊவாக்காற்று
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மண்சரிவு முன்னெச்சரிக்கை பற்றி மக்களிடம் பேசுவது என் வேலை. சம்பளம் கொஞ்சம், நடை நிறைய. விடயம் எனக்குத் தெரியும், நடுவில் பேசவும் வரும். தொடக்கத்திலும் முடிவிலும்தான் கால் வழுக்குகிறது. போன சனிக்கிழமை வழுக்கியதைச் சொல்கிறேன், வழி சொல்லுங்கள்.

ஒரு தோட்டத்தின் மேல்கணக்கு, அதாவது மேல் டிவிஷன். கோயில் மண்டபம், அறுபது பேர் இருக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்தவர்கள். பாதிப்பேர் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. நான் எழுந்து, கோயில் தலைவர் அவர்களே, தோட்டத் தலைவர் அவர்களே என்று ஏழு பேரை வரிசையாக விளித்தேன். ஆறாவது ஆளின் பெயர் மறந்துபோய் துண்டைப் பார்த்தேன். அப்புறம் "இன்று நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு மண்சரிவு அனர்த்த அபாயக் குறைப்பு" என்றேன். அடுத்து லெப்டொப் மல்டிமீடியாவோடு சேராமல் நாலு நிமிடம் அடம்பிடித்தது. அந்த நாலு நிமிடமும் "மன்னிச்சிருங்க, எனக்கு மேடைப் பழக்கம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நானே என்னைக் கீழே இறக்கிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

முடிவு அதைவிட மோசம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி ஸ்லைட்டில் ஒரு ரோஜாப்பூவும் நன்றி என்ற சொல்லும். "சரி, அவ்வளவுதான், நேரமாயிருச்சு, ஏதாவது கேள்வி இருக்கா?" என்றேன். யாரும் பேசவில்லை. தலைவர் எழுந்து நன்றி சொன்னார், கையோடு திருவிழாச் சந்தாப் பாக்கியையும் எடுத்துவிட்டார். எல்லோரும் சந்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.

படியில் ஓர் அம்மாயி என் கையைப் பிடித்து, "நல்லாத்தான் பேசுன மகளே. இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். முப்பது ஸ்லைட் போட்டிருந்தேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. (என் வேலைக்கு இப்படி ஆசைப்படக் கூடாதுதான்.)

வருகிற சனி, அதே தோட்டத்தில் கீழ்க்கணக்கு. பத்து நிமிடம்தான். எதைச் சொல்லித் தொடங்க, எதைச் சொல்லி முடிக்க?

லிஃப்ட்டில்_ஒருவன்
ஞாயிறு, இரவு 10.15

சிஸ்டர், நான் அட்டன் ஆள், கொழும்பில் ஒரு கம்பனியில் மாதம் நாலு பிரசன்டேஷன் செய்கிறவன். எங்களுக்குச் சொல்லித்தந்தது இதுதான்: முதல் அரை நிமிடத்தில் சபையை உலுக்க வேண்டும். விளிப்பு, வணக்கம் எல்லாவற்றையும் வெட்டுங்கள். ஒரு கேள்வி கேளுங்கள், அல்லது அதிரவைக்கும் ஒரு படத்தைப் போட்டுவிட்டு ஐந்து விநாடி பேசாமல் நில்லுங்கள். உங்களுக்குப் படம் தேடவே தேவையில்லை. மீரியபெத்தை, 2014 ஒக்டோபர் 29. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் புதைந்த நாள். அந்தப் படத்தைத் திரையில் போட்டு, "இது நாளை உங்கள் லயமாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். கொட்டாவி விடுகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

முடிவில் கேள்வி நேரம், பிறகு நன்றி. அது எல்லா இடத்திலும் அப்படித்தான்.

கொஸ்லந்தைக்காரி
ஞாயிறு, இரவு 11.02

மேலே எழுதிய தம்பிக்கு. அந்தப் படத்தில் உள்ள மண்ணுக்குக் கீழே எங்கள் பெரியம்மா வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் எடுத்து முடிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் எந்தக் கோயில் மண்டபத்தில் அறுபது பேரைக் கூட்டினாலும் அதில் அந்தக் காலையோடு சொந்தம் உள்ளவர் ஒருவராவது இருப்பார். அவர் நிமிர்ந்து உட்காரமாட்டார். எழுந்து வெளியே போவார். அல்லது உட்கார்ந்தபடியே காதை மூடிக்கொள்வார். நான் அப்படி ஒரு கூட்டத்தில் இருந்தவள். பேசியவர் படத்தைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தையும் எனக்கு ஞாபகமில்லை.

தங்கச்சி, பயமுறுத்தித் தொடங்காதே. மழை பெய்தால் எங்களுக்கு ஏற்கெனவே பயம்தான். ஒக்டோபர் பிறந்தால் ராத்திரி தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடக்கிற சனத்திடம் வந்து பயத்தை விற்காதே. பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்ல வந்தவள் நீ.

லிஃப்ட்டில்_ஒருவன்
ஞாயிறு, இரவு 11.20

அக்கா, மன்னித்துவிடுங்கள். யோசிக்காமல் எழுதிவிட்டேன். எங்கள் சபையில் ஏசி போட்டுத் தூங்குவார்கள், அந்தப் பழக்கம்.

பழைய_சோக்கட்டி
திங்கள், காலை 5.50

முப்பத்தொரு வருடம் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பேசப் பழக்கியே தொண்டை போய்விட்டது. ஆகவே கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளிப்பை வெட்டு என்று கொழும்புத் தம்பி சொன்னது நம் ஊருக்கு ஆகாது. கோயில் தலைவர் பெயரைச் சொல்லாவிட்டால் அடுத்த முறை மண்டபச் சாவி கிடைக்காது. ஆனால் ஏழு பெயர் தேவையில்லை. மண்டபம் தந்தவருக்கு ஒரு வணக்கம், மலையிலிருந்து நேரே வந்தவர்களுக்கு ஒரு வணக்கம், போதும். இரண்டாவது வணக்கம்தான் பெரியது, அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்ற ஐந்து பேரையும் கூட்டத்துக்கு முன்னால் வாசலில் பிடித்துக் கைகூப்பிவிட்டால் அவர்களுக்கும் திருப்தி. மேடையில் கிடைக்கும் பெயரைவிட வாசலில் கிடைக்கும் கும்பிடு உயர்த்தி.

குறளில் தொடங்கும் பழக்கமும் உண்டு. குறள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு போட்டியில் பதினெட்டுப் பிள்ளைகள் பேசினார்கள், பதினொரு பேர் ஒரே குறளில் தொடங்கினார்கள். ஐந்தாவது பிள்ளையின்போதே நடுவர் பேனாவை மூடிவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த வாசலால் நுழைந்தால் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை.

இனி நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த ஒரே வித்தை. பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்யாதே. முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் தடுமாறலாம், தேடலாம், சிரிக்கலாம். முதல் வாக்கியம் வரும்வரைதான் முழங்கால் ஆடும். கடைசி வாக்கியம் கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம், மழை வந்தாலும், கரண்ட் போனாலும். அது இல்லாதவர்கள்தான் "இன்னும் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்" என்று மூன்று தரம் சொல்வார்கள்.

கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் கூட்டம் நடத்திய காலத்தில் அவர் மனைவி மீனாட்சியம்மை மேடையில் பாடுவார். சனத்துக்குப் பழகிய மெட்டு, அவருடைய சொந்தச் சொற்கள். காதுக்குத் தெரிந்த மெட்டில் ஏறி வந்ததால் புதிய சேதி உள்ளே போனது. மகள் பாடத் தேவையில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின்மேல் ஏறி வரவேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு முன் மன்னிப்புக் கேட்பதை மட்டும் விட்டுவிடு. உனக்குப் பழக்கமில்லை என்பது நீ சொல்லும்வரை அவர்களுக்குத் தெரியாது.

கீழ்க்கணக்கு
திங்கள், மாலை 6.30

மிஸ் வரப்போவது எங்கள் டிவிஷனுக்குத்தான் போலிருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன், முன் வரிசையில் இருப்பேன்.

எங்கள் தாத்தா பெரட்டுத் தப்பு அடித்தவர். விடிய முன்னாடி அவர் தப்பைத் தட்டினால் சனம் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குக் கிளம்ப வேண்டும். அதே தப்பைத்தான் சாவுக்கும் அடிப்பார், சாமிக்கும் அடிப்பார். ஆனால் முதல் நாலு அடியிலேயே லயத்துக்குள் படுத்திருக்கிறவனுக்கு எது என்று தெரிந்துவிடும். வேலைக்கா, இழவுக்கா, திருவிழாவுக்கா என்று யாரும் கதவைத் திறந்து கேட்டதில்லை. தொடக்கம் என்றால் அதுதான் மிஸ். "பேச எடுத்துக்கொண்ட தலைப்பு" என்றெல்லாம் சொன்னால் அது எந்த அடி என்று எங்களுக்கு விளங்காது. கூட்டம் எதற்கு, எழுந்து ஓடுவதற்கா இல்லை உட்கார்ந்து தூங்குவதற்கா என்று முதலில் தெரிய வேண்டும்.

இன்னொன்று. போன வருடம் ஒருவர் வந்து வேறு நாட்டு மலையெல்லாம் ஸ்லைட்டில் காட்டினார். பைன் மரமும் பனியும். எங்கள் ஐந்தாம் லயத்துப் பின்சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு இருக்கிறது. போன வருடம் அதற்குள் ஒரு ரூபாய்க் குத்தி நுழையும், இப்போது கைவிரல் நுழைகிறது. அதை அவர் போய்ப் பார்க்கவே இல்லை. மிஸ் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்து லயத்தைச் சுற்றுங்கள். தொடங்க என்ன சொல்வது என்பது அங்கேயே கிடக்கும்.

காமன் கூத்தைப் பாருங்கள். கம்பம் ஊன்றினால் தொடக்கம், காமனை எரித்தால் கதை உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டும் கண்ணால் பார்க்கிற காரியம். யாரும் மைக்கில் "இத்துடன் எரிந்து முடிந்தது" என்று சொல்வதில்லை.

நிறுவைத்தட்டு
செவ்வாய், இரவு 8.10

பேராதனையில் உளவியல் படித்தேன், இப்போது வேறு வேலை. ஆனால் இந்த இழையில் ஒரு விடயம் யாரும் தொடவில்லை: கேள்வி நேரத்தை எங்கே வைப்பது.

சொற்பட்டியல் ஒன்றை ஒருவருக்கு வாசித்துக் காட்டி, ஞாபகம் உள்ளதைச் சொல்லச் சொன்னால், பட்டியலின் தொடக்கமும் முடிவும் நன்றாக வரும், நடு மங்கும். 1962இல் மர்டொக் செய்த சோதனையில் அந்த வளைவு தெளிவாகத் தெரிந்தது. அதைக் காட்டித்தான் பலர் "தொடக்கமும் முடிவும் முக்கியம்" என்கிறார்கள். அடுத்த பாதியைச் சொல்வதில்லை. 1966இல் கிளான்சர், கியூனிட்ஸ் என்ற இருவர் பட்டியல் முடிந்ததும் ஆட்களை அரை நிமிடம் எண்களை எண்ண வைத்துவிட்டுப் பிறகு கேட்டார்கள். முடிவுக்கு இருந்த அந்தச் சலுகை காணாமல் போய்விட்டது. தொடக்கம் மட்டும் அப்படியே நின்றது.

சொற்பட்டியலும் பேச்சும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் உங்கள் மேல்கணக்குக் கூட்டத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் முடித்தீர்கள், தலைவர் எழுந்து சந்தாக் கணக்கைச் சொன்னார். எண்களை எண்ண வைத்தே அனுப்பிவிட்டார். அம்மாயி கேட்ட கேள்வியில் அவர் பிழை எதுவும் இல்லை.

ஆகவே நான் செய்வது இது. ஏழாவது நிமிடத்தில் நிறுத்தி, "முடிக்க முன்னாடி கேள்வி கேளுங்க" என்பேன். பதில் சொல்லி முடித்த பிறகு, நன்றியும் சொல்லிவிட்டு, கடைசியாக என் முடிவு வாக்கியத்தைச் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். நன்றி கடைசி வார்த்தையாக இருக்கக் கூடாது. நன்றிக்குக் கீழே ஒன்றும் முளைப்பதில்லை.

லிஃப்ட்டில்_ஒருவன்
செவ்வாய், இரவு 8.45

ஆனால் கேள்வியில் யாராவது வம்புக்கு இழுத்தால்? நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பயந்துதான் கடைசியில் வைப்பார்கள், மணி அடித்தால் தப்பித்துவிடலாம் என்று.

நிறுவைத்தட்டு
செவ்வாய், இரவு 9.05

வம்புக்கு இழுத்தவரின் பேச்சே கடைசிப் பேச்சாகிவிடும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. நீங்கள் அதற்குப் பிறகும் ஒரு வாக்கியம் மிச்சம் வைத்திருந்தால் அவருக்கு அந்த இடம் கிடைக்காது.

பழைய_சோக்கட்டி
புதன், காலை 6.05

நேரத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 1863 நவம்பர் 19, கெட்டிஸ்பர்க். எவரெட் என்ற பெயர்பெற்ற பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பிறகு லிங்கன் எழுந்து ஏறத்தாழ 270 சொற்களில், இரண்டு நிமிடம் அளவில் பேசி உட்கார்ந்தார். மறுநாள் எவரெட்டே, நான் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்றதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டீர்கள் என்ற பொருளில் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். பத்து நிமிடம் போதாது என்று மகள் கவலைப்படுவது போல் தெரிந்தது, அதற்காகச் சொன்னேன்.

ஊவாக்காற்று
வியாழன், இரவு 10.30

எல்லோரும் சொன்னதையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி இருந்தேன். ஸ்லைட்டை முழுவதுமாகத் தூக்கிவிட்டேன். இப்போது இருப்பது ஒரு பால்மா டின்.

தொடக்கம்: வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த டின்னை ஐந்தாம் லயத்தில் வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, இரண்டு வணக்கம். பிறகு: "இது நேத்து ராத்திரி ஐஞ்சாம் லயத்து வாசல்ல வெச்ச டின். உள்ள ரெண்டு விரல் தண்ணி நிக்குது. எத்தன விரலுக்கு வந்தா வீட்ட விட்டுக் கெளம்பணும்னு சொல்லத்தான் வந்தேன்." (விரல் எண்ணிக்கை மழையைப் பொறுத்து.)

முடிவு: கேள்வி, நன்றி, பிறகு கையைத் தூக்கி: "நாலு விரல் வந்தா தூங்காதீங்க. எட்டு விரல் வந்தா எறங்குங்க." உட்கார்ந்துவிடுவேன்.

கணக்கு இப்படி: நாலு விரலைச் சேர்த்துக் கிடையாக வைத்தால் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். இரண்டு கை வைத்தால் 150. பிழை பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதோ என்றும் பயம்.

மழைமானி
வியாழன், இரவு 11.15

சின்னப்பிள்ளைத்தனம் இல்லை, ஆனால் மூன்று இடத்தில் ஓட்டை.

மண்சரிவு எச்சரிக்கை விடுகிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு 24 மணி நேரத்துக்கானது. 75 மில்லிமீட்டர் தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 75 கொட்டினாலும் வெளியேற்றம்தான். அதாவது நாலு விரல் ராத்திரி முழுவதும் பெய்து வந்ததா, ஒரு மணி நேரத்தில் வந்ததா என்பதில் உயிர் இருக்கிறது. இதை நடுவில் அழுத்திச் சொல்லுங்கள். நூறை முடிவில் சேர்த்தால் குழம்பும், அதுவும் நடுவிலேயே இருக்கட்டும்.

டின் நேர்ச்சுவராக இருக்க வேண்டும். வாய் அகன்று அடி குறுகிய வாளியில் பிடித்தால் அளவு கூடிக் காட்டும். லயத்து வாசல் என்கிறீர்கள், கூரைத் தகரத்தில் வழியும் தண்ணீர் விழுந்தால் எட்டு விரல் அரை மணியில் நிறைந்துவிடும். திறந்த வெளியில், கூரைக்கும் மரத்துக்கும் விலகி வைக்கச் சொல்லுங்கள். காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் கொட்டிவிட வேண்டும்.

கடைசியாக, டின் காலியாக இருந்தாலும் சுவர் வெடிப்பு அகன்றால், மரம் சரிந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தால் விரலை எண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது.

கீழ்க்கணக்கு
வெள்ளி, காலை 5.20

மிஸ், "எறங்குங்க" என்றால் எங்கே? எங்கள் லயத்துக்குக் கீழேதான் தண்ணி ஓடுகிற கான் உடைந்து மண் வருகிற வழி இருக்கிறது. பள்ளிக்கூடமும் அந்த வழியில்தான். கடைசி வார்த்தையைக் கேட்டு நாங்கள் நேரே அதற்குள் இறங்கிவிடுவோம்.

கொஸ்லந்தைக்காரி
வெள்ளி, காலை 7.40

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். போகும் இடத்தின் பெயர் இல்லாமல் முடிக்காதே தங்கச்சி. டின் நல்லது. அதைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்காது.

ஊவாக்காற்று
வெள்ளி, இரவு 9.00

இன்று பின்னேரம் கிராம உத்தியோகத்தரையும் தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய் நடந்து பார்த்தோம். பெரட்டுக்களம் மேட்டில் இருக்கிறது, பின்னால் சரிவு இல்லை, பக்கத்தில் ஸ்டோர் கட்டடம். அதிகாரிகளும் அந்த இடம் சரி என்றார்கள். முடிவு இப்போது: "நாலு விரல் வந்தா தூங்காதீங்க. எட்டு விரல் வந்தா பெரட்டுக்களம்." கீழ்க்கணக்கு அண்ணே, நீங்கள் மட்டும் எழுதாமல் இருந்திருந்தால்... நினைக்கவே நடுங்குகிறது.

ஊவாக்காற்று
ஞாயிறு, காலை 8.15

நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

ஒரு மணி நேரம் முன்னாடி போனேன். டின் கவிழ்ந்து கிடந்தது. ராத்திரி நாய் தட்டிவிட்டது என்றார்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சேர் சொன்னபடி முதல் இரண்டு வாக்கியத்தையும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி படித்து வைத்திருந்தேன், இப்போது அது எதற்கும் உதவாது. கைகால் உதறியது. கரண்டும் இல்லை, மைக்கும் இல்லை.

எழுந்து, தலைவருக்கு ஒரு வணக்கம், மலையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வணக்கம். அப்புறம் டின்னைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டி, "இதுல நேத்துப் பேஞ்ச மழை இருக்கணும். நாய் குடிச்சிருச்சு" என்றேன். சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒரு அக்கா, "எங்க வாளியில அரைவாசி நின்னுச்சே" என்றார். இன்னொருவர், "வாளி கூரைக்குக் கீழ இருந்திருக்கும்" என்றார். நான் வாயைத் திறக்க முன்னாடியே மழைமானி எழுதிய பாடத்தை அவர்களே நடத்தத் தொடங்கிவிட்டார்கள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஐந்தாம் லயத்து வெடிப்பைப் பற்றிச் சொன்னேன், அதற்கு முன்பே போய் விரலை வைத்துப் பார்த்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் எழுந்து அது எந்த மாதம் எவ்வளவு இருந்தது என்று சொன்னார்.

எட்டாவது நிமிடம் கேள்வி கேட்கச் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்து எண்ணும்வரை நானும் பேசாமல் நின்றேன், பழைய நான் என்றால் அங்கேயே "சரி, அவ்வளவுதான்" என்றிருப்பேன். ஒரு பாட்டி கேட்டார்: "மாட்ட என்ன பண்றது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்டுப் போவதா, ஓட்டிக்கொண்டு போவதா, இருட்டில் யார் அவிழ்ப்பது என்று பத்து நிமிடத்துக்கு மேல் அவர்களுக்குள்ளேயே விவாதம். கடைசியில் நாலு விரல் வந்ததுமே கயிற்றை அவிழ்த்துவிடுவது என்று முடிவானது. எட்டு விரலுக்குக் காத்திருந்தால் மாட்டைத் தேடிக்கொண்டு ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். என் ஸ்லைட் எதிலும் மாடு இருந்ததில்லை.

அனர்த்த அவசர எண் 117ஐச் சொன்னேன், நன்றி சொன்னேன், கையைத் தூக்கி இரண்டு வாக்கியத்தையும் சொல்லி உட்கார்ந்தேன். நல்ல அமைதி. அந்த அமைதியில் தலைவர் எழுந்தார். முன்னாடியே நன்றி சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சியிருந்தேன், அவரும் தொடக்கத்திலேயே சொல்லியும் இருந்தார். ஆனாலும் எழுந்தார். சந்தா! நிறுவைத்தட்டு அக்கா, உங்கள் 1966ஆம் ஆண்டு என் கண்முன்னே நடந்தது.

சரி, போகட்டும் என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் படியில் நாலைந்து பொடியன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நாலு விரலைக் காட்டினால் மற்றவர்கள் கண்ணை அகல விழிக்க வேண்டும், இரண்டு கையும் காட்டினால் பெரட்டுக்களத்துப் பக்கம் ஓட வேண்டும். அவர்கள் மண்டபத்துக்குள் இருந்தார்களா, சன்னலால் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

அப்புறம் இன்னொரு உதவி. அடுத்த வாரம் இதையே அதிகாரிகள் கூட்டத்தில் பேச வேண்டும், பாதிப்பேர் சிங்களத்தில். அங்கே டின்னோடு எழுந்தால் என்ன நினைப்பார்களோ?

பழைய_சோக்கட்டி
ஞாயிறு, காலை 9.30

டின்னோடு எழு. அவர்கள் வீட்டுக் கூரையிலும் மழைதான் பெய்கிறது. வணக்கம் மட்டும் அங்கே ஏழு சொல்ல வேண்டிவரும், தப்ப முடியாது. வேகமாகச் சொல்.

லிஃப்ட்டில்_ஒருவன்
ஞாயிறு, காலை 10.10

சிங்கள வாக்கியங்களை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள் சிஸ்டர், பார்த்துத் தருகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கும் ஒரு பிரசன்டேஷன். நன்றி ஸ்லைட்டைத் தூக்கியிருக்கிறேன், மனேஜர் என்ன சொல்வாரோ தெரியாது.

கீழ்க்கணக்கு
ஞாயிறு, மாலை 5.45

எங்கள் லயத்தில் இப்போது மூன்று டின் நிற்கிறது. ஒன்று கூரைத் தண்ணிக்கு நேர்கீழே. போய் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.